கோணல் போன இடம்

கண்ணாடிக் கடைக்காரரின் இடது கன்னம் ஒரு செவ்வாய்க்கிழமை பச்சையாகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தார், டர்பன்டைன் வைத்துத் துடைத்தார், போகவில்லை. அன்று கடைக்கு ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது ஆள், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உடைந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினார்.

எல்லாம் மனைவிக்காக ஆரம்பித்த வினை. அவள் எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுபவள், கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாதவள். கல்யாணத்தன்று எடுத்த ஃபிலிம் ரோலில் வெளிச்சம் புகுந்து, ஒரு படம்கூடத் தேறவில்லை. நானே உன்னை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தருகிறேன், ஆறே மாதம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தால்தான் கை படியும் என்று தூரிகை விற்பவர் சொல்ல, வாங்கிய புத்தகத்தில் முழுப்பக்கத்துக்கு இருந்த ஒரே முகத்தை எடுத்துக்கொண்டார். யாரோ ஓர் ஓவியர் ஆத்திரத்தில் தன்னையே வரைந்துகொண்டது அது. கன்னம் பச்சை, மூக்கு வலப்பக்கம் சாய்வு, கண்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே.

கட்டம் போட்டு, அளந்துதான் வரைந்தார். ஆனால் இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் மூக்கின்மேல் ஃபிரேமை நேராக உட்காரவைத்த கை அது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இவர் தொட்டால் அதுவும் நிமிர்ந்துவிடும். தூரிகை பச்சையைத் தொட்டுக்கொண்டு கிளம்பும், கன்னத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மாநிறத்துக்கு மாறியிருக்கும். நிமிர்த்திய கோணல் எங்காவது போகவேண்டுமே, அவர் முகத்துக்கு வந்தது. முதல் பிரதி முடிந்த மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. மூன்றாவது பிரதியில் மூக்கு நேரானது, அவருடைய மூக்கு சாய்ந்தது. ஆறாவதில் கண்கள் போயின. தனக்கென்று ஒரு கோணல் ஃபிரேம் வளைத்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் பதினோரு முகங்கள், பதினொன்றும் பாஸ்போர்ட் படங்கள். தலைகீழாக நின்றாலும் அந்த ஓவியரின் ஆத்திரம் துணியில் ஏறவில்லை. தூரிகைகளை ஒடித்தார், கதவுகளை அறைந்து சாத்தினார், வீட்டில் பேச்சைக் குறைத்தார்.

பதினோராவது படம் காய்ந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பெட்டியோடு வந்து நின்றாள்.

"நீங்க எனக்கு முகம் கொடுத்துப் பேசி எத்தனை வருஷம் ஆச்சு? இனிமே கொடுக்கலாம்னாலும் உங்க முகம் மிச்சமில்ல. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவர் வெற்றுத் துணி ஒன்றை எடுத்து மாட்டினார். ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார். பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள்.

நெற்றி வந்தது, கண்கள் வந்தன. அவள் வாய் கோபத்தில் இடப்பக்கம் இறங்கியிருந்தது. வரைய வரைய அவர் கை வழக்கம்போல அதை நிமிர்த்தப் போனது. அவர் முகத்தில் நேராக மிஞ்சியிருந்தது வாய் மட்டும்தான், அதுவும் போகும் என்று தெரியும். ஆனால் அவரைத் தடுத்தது அந்தப் பயமில்லை. தன் கையின்மேலேயே அவருக்கு அடக்கமுடியாத ஆத்திரம் வந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கிய வாயை இறங்கியபடியே வரைந்தார்.

அவள் எழுந்து வந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் இவ்வளவு கோபமாவா இருக்கேன்?"

"ஒன்பது வருஷமா," என்றார்.

பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, படத்தை எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்த்தாள்.

போன முகம் திரும்பவில்லை. அடுத்த வருஷம் ஏதோ விண்ணப்பத்துக்காக இருவரும் அலுவலகம் போனபோது, அங்க அடையாளம் என்ற இடத்தில் குமாஸ்தா, "இடது கன்னம் பச்சை" என்று எழுதினார். மனைவி எட்டிப் பார்த்து, வெறும் பச்சை இல்லை, பாசிப்பச்சை என்றாள். குமாஸ்தா நிமிர்ந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டார்.