மிதித்துப் பார்த்து வாங்கிய வண்டி

வாடகை டிராக்டரை நம்பி விவசாயம் செய்கிறவனைப் போலப் பாவப்பட்டவன் இந்த உலகத்தில் கிடையாது. மண் பதமாக இருக்கும்போது டிராக்டர் வராது. டிராக்டர் வரும்போது மண் காய்ந்து கல்லாகியிருக்கும். அந்த ஊரில் வாடகைக்கு உழுகிறவருக்கு ஊரே சேர்ந்து வைத்த பெயர் 'நாளைக்காரர்'. எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு வர்றேன்" என்பதுதான் பதில். அதையும் டீக்கடையில் உட்கார்ந்து, இடது காலை எதிர் பெஞ்சில் நீட்டிப் போட்டுக்கொண்டு, நாட்டையே ஆளுகிறவர் மாதிரிதான் சொல்வார். போன பருவத்தில் அவருடைய 'நாளைக்கு' வந்து சேர்வதற்குள் மழையே முடிந்துவிட்டது. மக்காச்சோளம் இடுப்பளவுகூட வளரவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் நம்ம ஆள் சொந்தமாக ஒரு டிராக்டர் வாங்குவது என்று கிளம்பினான். கறவை மாடுகளை விற்று, மனைவி பால் ஊற்றிச் சேர்த்து வைத்ததையும் போட்டால் ஒரு பழைய வண்டிக்குத் தேறும். புது வண்டியைக் கனவில்கூடப் பார்க்க முடியாது. தப்பான வண்டி வந்து வாய்த்துவிட்டால் மாடும் போச்சு, காசும் போச்சு, மறுபடியும் அந்த டீக்கடை பெஞ்சுக்கு முன்னால்தான் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

இதில் அவன் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து வழுக்கி விழுந்த நாளிலிருந்து அவனுடைய இடது முட்டி சரியில்லை. நடக்கும்போது சமாளித்துவிடுவான். எதையாவது அழுத்தி மிதித்தால் உயிர் போய் உயிர் வரும். டிராக்டரில் கிளட்ச் இருப்பதோ இடது காலுக்கு. கியர் போட மிதிக்க வேண்டும், நிறுத்த மிதிக்க வேண்டும், வயலின் கோடிக்குப் போய்த் திரும்பும் போதெல்லாம் மிதிக்க வேண்டும். வெளியே சொன்னால் 'அப்புறம் உனக்கெதுக்கு டிராக்டர்' என்று வந்துவிடும் என்று பயந்து, மனைவியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ தெரியவில்லை.

பழைய வண்டிகள் விற்கும் யார்டுக்கு மூன்று பேராகப் போனார்கள். அவன், அவன் மனைவி, லாரி ஓட்டுகிற அவள் தம்பி. என்ஜின் சமாச்சாரம் மச்சினனுக்கு அத்துப்படி. தகரக் கூரைக்குக் கீழே வண்டிகள் வரிசையாக நின்றன. முதலிலேயே ஒரு பெரிய சிவப்பு வண்டி. வயதானாலும் ராஜ களை குறையவில்லை.

"மாமா, இது நல்லா இழுக்கும். எந்தக் கட்டாந்தரையா இருந்தாலும் பொளந்துட்டுப் போகும். ஏறி உட்கார்ந்து பாருங்க" என்றான் மச்சினன்.

"உட்கார்ந்து வேற பார்க்கணுமா? பார்த்தாலே தெரியுதே" என்றான் இவன். ஏறினால் மிதிக்கச் சொல்வார்கள், மிதித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். டிராக்டர் வாங்க வந்தவன் டிராக்டரில் ஏற மாட்டேன் என்கிற கூத்து உலகத்தில் அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

"அப்போ நான் ஏறிப் பார்க்கறேன்" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினாள் அவன் மனைவி. மடமடவென்று ஏறி சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமலேயே இடது காலால் கிளட்ச்சை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கால் நடுங்கியது.

யார்டுக்காரர் சிரித்துவிட்டார். "என்னம்மா, இதென்ன தையல் மெஷினா?"

"அதுக்கும் கால்தானே வேணும்" என்றாள் அவள், இறங்கிக்கொண்டே. "வேண்டாங்க. இந்தக் கலர் எனக்குப் பிடிக்கலை."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. கலர் பார்த்து வாங்க இது என்ன ஜவுளிக்கடையா? அடுத்து ஒரு நீல வண்டி, புதுப் பெயிண்ட் மினுமினுத்தது. அதிலும் ஏறினாள், மிதித்தாள், பிடித்தாள், இறங்கினாள். "சீட் ஆடுது" என்றாள். அதற்கடுத்ததில் கண்ணாடி சரியில்லை. இன்னொன்றில் ஏறுகிற படி பிடிக்கவில்லை. மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நீ வண்டி பார்க்கறியா, மாப்பிள்ளை பார்க்கறியா?"

"மாப்பிள்ளையைத்தான் பார்க்காமயே கட்டிட்டேன். வண்டியையாவது பார்த்து வாங்கறேன்" என்றாள். யார்டுக்காரர் தன் ஆட்களைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். இவனுக்கு மானம் போனது.

கொட்டகைக்குப் பின்னால், துருப்பிடித்த கலப்பைகளுக்கு நடுவில், ஒரு சின்ன வண்டி ஒதுங்கி நின்றது. உடம்பு ஒரு நிறம், என்ஜின் மேல்மூடி ஒரு நிறம். மட்கார்டு நசுங்கியிருந்தது. அவள் அதில் ஏறி மிதித்தாள். மிதித்துப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் வேடிக்கை பார்த்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

"இதுதான்" என்றாள்.

அவன் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? மாட்டை வித்த காசுல இந்தத் தகரத்தையா வாங்கிட்டுப் போறது? ஊர்ல தலை காட்ட வேண்டாமா?"

"ஒரு தடவை ஏறி மிதிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா அந்தச் சிவப்பையே வாங்கிடலாம். அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். பிறகு ஏதோ தற்செயலாகச் செய்கிற மாதிரி ஒரு மரக்கட்டையை இழுத்து வண்டிப் படிக்குக் கீழே போட்டாள்.

வேறு வழியில்லாமல் ஏறினான். கட்டை இருந்ததால் முட்டியை அவ்வளவாக மடக்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலை வைத்து அழுத்தினான். கால் போனது. வலி வரவில்லை. எங்கே போய்விட்டது என்று தேடுகிறவன் மாதிரி மறுபடி அழுத்தினான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது மிதி. பிடித்துப் பார்த்தான். விட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கலரும் இல்லை, சீட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. காலையிலிருந்து இவள் தன் காலை வைத்து இவன் முட்டியைத்தான் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாலு பேர் சிரிக்க, புருஷன் முறைக்க, ஒன்றையும் வெளியே விடாமல். மேலேயிருந்து அவளைப் பார்த்தான். அவள் ரொம்ப அக்கறையாக டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் போல ஒருத்தி தனக்கு வாய்த்தது எந்தப் புண்ணியத்திலோ என்று நினைத்தான்.

மச்சினன் தன் வேலையைப் பார்த்தான். சூடாக இருந்தால் என்ஜினின் குறை தெரியாது என்பதால், தொட்டுப் பார்த்து, ஆறியிருக்கிறது என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட் செய்தான். புகையைப் பார்த்தான், எண்ணெயை விரலில் தடவிப் பார்த்தான், கியரை ஒவ்வொன்றாகப் போட்டான். "கிளட்ச் புதுசா மாத்தியிருக்காங்க. என்ஜினும் குறை சொல்றதுக்கில்ல. ஆனா இழுவை கம்மி. ஏன்க்கா இதைப் போய்ப் பிடிச்ச?"

"நானும் ஓட்டப் பழகப்போறேன்டா. எனக்கு இடது முட்டி சரியில்ல. பெரிய வண்டி மிதிக்க வராது" என்றாள் அவள், கண்ணிமைக்காமல்.

மச்சினன் சிரித்தான். யார்டுக்காரரும் சிரித்தார். சிரிக்க வேண்டியது தன்னைப் பார்த்து என்று தெரிந்தும் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். அது அவனுக்கே பிடிக்கவில்லை. அவளோ அடுத்த நிமிஷமே பேரத்தில் இறங்கி, கேட்ட விலையையும் குறைத்து, துருப்பிடித்த கலப்பை ஒன்றையும் கூடவே கறந்துவிட்டாள்.

திரும்பும்போது அவன் ஓட்டினான். பக்கத்தில் மட்கார்டு மேல் அவள். மச்சினன் பைக்கில் முன்னால் போய்விட்டான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"செருப்பைத் தைக்கக் கொடுத்தப்பவே. வலதுல அடியே தேஞ்சு போயிருக்கு, இடது அப்படியே புதுசாட்டம் இருக்கு. ஒத்தைக் கால்லயா நடக்கறீங்கன்னு நினைச்சேன்."

"ஏன் கேட்கலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "உழறப்போ குறுக்க ஓட்டாதீங்க. நீளவாக்குல ஓட்டினா திரும்பறது குறையும். மிதிக்கறதும் குறையும்." இதையும் யோசித்து வைத்திருந்தாள். அவன் ரோட்டைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஊர் முக்கு டீக்கடையில் நாளைக்காரர் வழக்கம்போல எதிர் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரிய வண்டி ஓரமாக நின்றது. சுற்றிலும் நாலைந்து பேர்.

"இதென்னப்பா, பொம்மை வாங்கிட்டு வர்றே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். "எனக்குத்தான் அண்ணே, முட்டி..."

அவன் கிளட்ச்சை மிதித்து வண்டியை நிறுத்தினான். என்ஜினையும் அணைத்தான். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. முட்டி போனது எனக்கு. பெரிய வண்டியை மிதிக்க எனக்குத் தெம்பில்ல. நான் வெளிய சொல்ல வெட்கப்பட்டேன். இவளாத் தெரிஞ்சுக்கிட்டு, யார்டுல இருந்த அத்தனை வண்டியையும் எனக்காக மிதிச்சுப் பார்த்து இதை எடுத்தா. நான் அவளைத் திட்டிட்டு நின்னேன்."

சிரிப்பு அடங்கியது. ஒருத்தர் டீயைக் குடிக்க மறந்துவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாளைக்காரர் அந்தச் சின்ன வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெஞ்சில் கிடந்த இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். நாட்டை ஆளுகிறவர் காலை அப்படித் தூக்கி வைப்பதில்லை.

"எனக்கும் இதே கால்தான்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு நாள் ஓட்டினா ரெண்டு நாள் எழுந்திருக்க முடியறதில்ல. தொழில் போயிடுமேன்னு யார்கிட்டயும் சொல்லலை. அதான் நாளைக்கு நாளைக்குன்னு..."

போன பருவத்து மக்காச்சோளம் அவன் கண் முன்னால் வந்தது. கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை.

அவள் கீழே குதித்தாள். டீக்கடை ஓரத்தில் கிடந்த ஒரு கட்டையை இழுத்துக்கொண்டு வந்து வண்டிப் படிக்குக் கீழே போட்டாள். "ஏறி ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க அண்ணே" என்றாள்.

அவன் சீட்டைவிட்டு நகர்ந்து, நாளைக்காரருக்குக் கை கொடுத்தான்.