சாகும் முன் இட்ட முட்டைகள்

ஹாஜ் ஸுவைலமுக்கு எகிப்தில் இஸ்மாயிலியா பக்கம், கால்வாயை ஒட்டி நாற்பது பேரீச்சை மரங்கள் இருந்தன. சிவப்புக் கூன்வண்டு அவற்றில் இரண்டைக் குடைந்திருந்த சமயத்தில்தான் நான் அங்கே போனேன். முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

என் திட்டம் எளிமையானது. ஆணோடு கூடிய பெண் வண்டின் உடம்பில் நோயை எதிர்க்கும் பலம் குறைந்துவிடுகிறது. எல்லாம் முட்டைக்குப் போகிறது. வண்டைக் கொல்லும் பூஞ்சைத் தூளை ஆண் வண்டுகள் மேல் பூசி விட்டால், கூடும்போதே பெண்ணுக்கும் தொற்றிவிடும். ஆய்வகத்தில், பூஞ்சை தொற்றியும் ஆணோடு கூடாத பெண்கள் மூன்று வாரம் தாங்கின. கூடியவை ஒன்பதாம் நாளே செத்தன.

பக்கத்துத் தோட்டக்காரர் மன்தூர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"வண்டுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கவா வந்தீங்க, டாக்டரம்மா? சொல்லுங்க, எங்க வீட்டுப் பொம்பளைங்கள குலவை போட அனுப்புறேன்."

"நீ போய் உன் மரத்துக்கு மருந்தடி," என்றார் ஸுவைலம். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "நெசமாவே மருந்தடிக்க வேணாமாம்மா?"

"அடிச்சா நாம விடுற ஆண் வண்டும் செத்துடும், ஹாஜ். ஒரு வருஷம் பொறுங்க. செத்த வண்டு முட்டை போடாது."

அவர் மருந்தை நிறுத்தினார்.

கோடையில் மரத்தடியெங்கும் வெள்ளைப் பூஞ்சை பூத்த வண்டுகள் செத்துக் கிடந்தன. ஸுவைலம் அவற்றைப் பொறுக்கி தேயிலை டப்பாவில் போட்டு மன்தூரிடம் காட்டிவிட்டு வந்தார். அன்று எனக்கு வாத்து அடித்துச் சாப்பாடு.

அடுத்த வசந்தத்தில் ஒரு மரத்தின் நடுக்குருத்து சாய்ந்தது. பிறகு பதினொன்று. தண்டில் காது வைத்தால் உள்ளே புழுக்கள் மெல்லும் சத்தம் கேட்டது. மருந்தடித்த மன்தூரின் மரங்கள் நின்றன.

ஆய்வகத்துக்குத் திரும்பி, அதே சோதனையை மறுபடி நடத்தி, முதல் தடவை செய்யாததைச் செய்தேன். வண்டுகள் முட்டையிட வைத்த கரும்புத் துண்டுகளை நார் நாராகப் பிரித்து முட்டைகளை எண்ணினேன். நோய் தொற்றிய பெண்கள் முதல் ஐந்து நாளிலேயே, நோயில்லாதவை இடுவதைப் போல இரண்டு மடங்கு இட்டிருந்தன. உயிர் போகும் என்றதும் உடம்பு மிச்சத்தையெல்லாம் முட்டையில் கொட்டியிருக்கிறது. அப்போதே எண்ணியிருக்க வேண்டும். "சாவுக் கணக்கு போதும், கட்டுரைக்கு அதுதான் வேணும்," என்று என் பேராசிரியர் சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

நான் திரும்பிப் போனபோது ஸுவைலமின் தோட்டத்தில் மரங்களை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். புகையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நான் டப்பால பொறுக்கினது?"

"எல்லாம் முட்டை போட்டுட்டுத்தான் செத்துச்சு, ஹாஜ்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் ஒரு மட்டையை நெருப்புக்குள் தள்ளினார். "அல்லாஹ்வோட நாட்டம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே, பொண்ணு. நான் நம்பியிருப்பேன்."

அன்று தேநீர் வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை.

அந்த முட்டைக் கணக்குதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. வெளிநாட்டுக் கருத்தரங்குகள், பதவி உயர்வு, தனி ஆய்வகம். புதுப் பதவியின் முதல் மாதச் சம்பளத்தில் நல்ல ரகப் பேரீச்சைக் கன்று இருபது வாங்கி ஒரு வண்டியில் ஏற்றி ஸுவைலமுக்கு அனுப்பினேன்.

மாலையில் கன்றுகள் அப்படியே திரும்பி வந்தன. ஓட்டுநருக்கு மட்டும் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பியிருந்தார்.