தலையணைக்கு வேண்டிய இலை

தேயிலை விவசாயி சாவதில்லை; அவன் மலையாகி நின்று நம்மை என்றென்றும் காத்துக்கொண்டிருக்கிறான்.

இதைச் சொல்லிவிட்டுக் கூட்டுறவுத் தலைவர் ஹிராகுச்சி கண்களை மூடிக்கொண்டார். போன மாதம் காளான் வளர்த்த கிழவர் போனபோதும் இதையேதான் சொன்னார். அன்று காளான்காரர் மலையானார். சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டிருந்த மிசுஹோ தன் அப்பாவைப் பார்த்தாள். மலையாகும் உத்தேசம் எதுவும் தோகுஜிரோவின் முகத்தில் தெரியவில்லை. பல்செட்டைப் போட மறந்திருந்தார்கள். வாய் உள்ளே போயிருந்தது.

"நம்ம ஊர்க் கறுப்புத் தேயிலைக்கே இவர்தான் தகப்பன்," என்று தலைவர் கண்ணைத் திறந்து தொடர்ந்தார். "ஆரம்பத்துலருந்தே அவர் கூட தோளோடு தோள் நின்னவன் நான்."

மிசுஹோவுக்குக் காது சுட்டது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அப்பா கறுப்புத் தேயிலை செய்யத் தொடங்கியபோது, பொது ஆலையின் வாசலிலேயே அவரை நிறுத்தியவர் இவர்தான். அந்த வாடை பச்சைத் தேயிலையில் ஏறிவிடுமாம். பச்சைக்குப் பறித்த இலையை உடனே ஆவியில் அவித்தாக வேண்டும். அப்பாவோ பறித்ததைப் பரப்பிப் போட்டு ராத்திரி முழுக்க வாடவிட்டார். "அவிக்க மறந்து தூங்கிட்டான். எழுந்து பார்த்துட்டு அதுக்கு ஒரு பேரும் வெச்சுட்டான்" என்று தலைவர் ஊர் முழுக்கச் சிரித்தார். தூங்குமூஞ்சித் தேயிலை என்றே அதற்குப் பெயர் நின்றது. ஆலை இல்லாமல் அப்பா தன் படுக்கையறைப் பாயில் இலையை வாட்டினார். மே மாதம் வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் படுத்தார்கள். பிறகு டோக்கியோவிலிருந்து ஆட்கள் கேமராவோடு மலையேறி வந்தார்கள். அன்று முதல் தலைவரின் தோள் அப்பாவின் தோளைத் தேடத் தொடங்கியது.

"பத்தரைக்கு மூடணும்," என்றார் வெள்ளைக் கையுறை போட்ட சடங்குக்காரர். "தலையணை மட்டும்தான் பாக்கி."

அந்தப் பள்ளத்தாக்கில் தேயிலைக்காரர் யாரும் பஞ்சுத் தலையணையில் போவதில்லை. வெள்ளைத் துணிப் பையில் அவரவர் இலையை நிரப்பித் தலைக்கடியில் வைத்து அனுப்புவார்கள். பை தைத்துத் தயாராக அம்மா கினுயெவின் மடியில் இருந்தது, காலியாக.

தலைவர் பின்னாலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தார். தங்க எழுத்து, கூட்டுறவு முத்திரை. "முதல் பறிப்பு. பேரரசர் தலைக்கே வைக்கலாம். என் காணிக்கை."

"அது பச்சைத் தேயிலை," என்றாள் மிசுஹோ.

"ஆமாம்மா, உயர்ந்த ரகம்."

"எங்கப்பா தலை அதுல படாது."

அண்டைவீட்டார் பாயைப் பார்த்தார்கள். ஊதுவத்திச் சாம்பல் ஒரு துண்டு விழுந்தது.

"கோவப்படாதம்மா. வீட்டுல இலை இல்லைன்னு உங்கம்மாதான் சொன்னாங்க."

அது உண்மை. வசந்தத்தில் அப்பா விழுந்ததிலிருந்து இந்த வருடம் பறிப்பே இல்லை. போன வருடத்தது கடைசிப் பெட்டி வரை விற்றாகிவிட்டது. கடைசி மாதங்களில் அவர் குடித்தது சல்லடையில் தங்கிய தூளை. அதுவும் தீர்ந்திருந்தது.

"தலைவரே, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மிசுஹோ. "இந்த இருபத்திரண்டு வருஷத்துல அதை ஒரு வாய் குடிச்சிருக்கீங்களா?"

"எனக்கு வயிறு… டாக்டர் வந்து…"

"குடிச்சதில்ல. வாசனை எப்படி இருக்கும்னாவது தெரியுமா? தேன். அக்காசியாத் தேன் மாதிரி இருக்கும். அடித்தொண்டையில ஆரஞ்சுத் தோல். தகப்பன்னு பட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கோப்பை குடிச்சுட்டு வந்திருக்கலாம்."

பல்மருத்துவரிடம் காத்திருந்தபோது புரட்டிய ஒரு பத்திரிகையில் கறுப்புத் தேயிலையைப் பற்றி அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் சொன்ன வேகத்தில் அது அவள் நாக்கிலேயே விளைந்தது போலிருந்தது. தலைவரின் கழுத்து சிவந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, "சரியா கேட்டா பொண்ணு," என்று கைக்குட்டைக்குள் முணுமுணுத்தாள்.

அம்மா மடியிலிருந்த பையை நீவினாள். "வருஷா வருஷம் உனக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாரே. மிச்சம் ஏதாவது?"

"அதெல்லாம் அப்பப்பவே தீந்துடும்மா."

"ஆமா, ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவியே. அன்னைக்கு ராத்திரி உங்கப்பா ரெண்டு கிண்ணம் சாக்கே சாராயம் கூடுதலா குடிப்பார்." அம்மா பையை மடித்தாள். "காலையில மாப்பிள்ளை போன் பண்ணினார். அவர்கிட்டயும் கேட்டேன்."

மிசுஹோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நாகோயாவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்த தகெஹிகோ, கறுப்பு கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டதாக அவளே நாலு பேரிடம் பெருமைப்பட்டிருக்கிறாள். பெட்டியின் முன் விழுந்து வணங்கினான். பிறகு கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தான்.

"அத்தை, நீங்க கேட்டது. காபி மெஷினுக்குப் பின்னாடி எல்லாம் அப்படியே பத்திரமா இருந்துச்சு."

பழுப்புக் காகிதப் பொட்டலங்கள் பாயில் வரிசையாக அமர்ந்தன. ஒவ்வொன்றிலும் வருடம் அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து தொடங்கியது. ஒட்டிய நாடா ஒன்றிலும் கிழியவில்லை.

சடங்குக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். மகளைப் பார்க்காமல் முதல் பொட்டலத்தை வெட்டினாள். "காத்து புகாம நல்லா இருக்கு," என்றாள். அடுத்ததை வெட்டினாள். கரிய, முறுக்கிய இலை சரசரவென்று பைக்குள் விழுந்தது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோல் போல, மழை நனைத்த விறகு போல ஒரு வாசனை எழுந்து அறையில் நின்றது.

தலைவர் குனிந்து நன்றாக மோந்தார். நிமிர்ந்து மிசுஹோவைப் பார்த்தார்.

"தேனாம்மா?"

அவள் அப்பாவின் தலையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். அம்மா தலையணையை உள்ளே தள்ளினாள். தங்க எழுத்துப் பொட்டலத்தைத் தலைவர் மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

தலையணைக்கு இலை சரியாகப் போதுமானதாக இருந்தது. பதினோரு பொட்டலங்கள். பதினொன்றையும் அன்றுதான் முதல்முறையாகப் பிரித்தார்கள்.