கோட்டிங் போட்ட கம்பி

என் கை வியர்வை இரும்பைத் தின்னும். புதுக் கம்பி மாட்டி ஒரு கச்சேரி வாசித்தால் போதும், அடுத்த கச்சேரிக்குள் கறுத்துப்போய், சத்தம் சப்பென்று ஆகிவிடும். பேஸ் கிட்டாருக்கு இருப்பதே நாலு கம்பிதான், அதையும் கச்சேரிக்குக் கச்சேரி மாற்ற வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே அத்தான் என் உயிரை எடுக்கிறார். அக்கா புருஷனாயிற்றே என்று 'அவர்' போடுகிறேன். மனசுக்குள் போடுவதில்லை.

எங்கள் குழுவில் இப்போது மூன்று பேர். அக்கா பாடுவாள், அத்தான் கீபோர்டு, நான் பேஸ். டிரம்ஸ்காரர் ஒருவர் இருந்தார். போன வருஷம் அத்தான் அவரைக் கழற்றிவிட்டுத் தாளத்தை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார். லேப்டாப் டீ கேட்காதாம், லேட்டாக வராதாம். அடுத்தது நான்தான் என்று அன்றே கணக்குப் போட்டுவிட்டேன்.

"இந்தா பாரு, வேன்ல உக்காந்து ஸ்ட்ரிங் மாத்துற கூத்தெல்லாம் இனிமே வேணாம்," என்றார் ஒரு நாள். "கோட்டிங் போட்டது வாங்கி மாட்டு. இந்த சீசன் முழுக்கத் தாங்கணும். நடுவுல சத்தம் கெட்டுச்சுன்னா, அதோட நீ வீட்ல இருந்துக்க."

"நான் வீட்ல இருந்தா யாரு வாசிப்பா? நீங்களா?"

"அது என் கவலை. உனக்கெதுக்கு?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க," என்றாள். அவளுக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த பேஸை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கிட்டார் கடைக்காரரோ, அன்று யார் முகத்தில் விழித்தாரோ, கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே யோசித்தார்.

"கவரைப் பிரிச்சா வாங்கியே ஆகணும்."

"வாங்கத்தானே வந்திருக்கேன்? சும்மா காத்து வாங்கவா வந்தேன்?"

இரண்டு கவர்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் பூச்சு மெல்லிசு. சத்தம் பளிச்சென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். மற்றதில் பூச்சு கனம். "வேர்வை உள்ள போகவே போகாது. மாசக்கணக்கா உழைக்கும். சத்தம் கொஞ்சம் மங்கல், விரல் வழுக்கும். பழகிக்கணும்."

மங்கலும் வழுக்கலும் எனக்குப் பிடிக்காதவை. ஆனால் நான் சத்தத்துக்கா வாங்கினேன்? அத்தான் வாயை அடைக்க வாங்கினேன். கனத்தையே எடுத்தேன்.

"உங்க கிட்டார்ல எரைச்சல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"எரைச்சலெல்லாம் எங்க அத்தான்கிட்டதான். கிட்டார் பாவம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் ஏன் கேட்டீர்கள் என்று கேட்கவில்லை. எனக்குத்தான் வாய் முந்திக்கொள்ளுமே.

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் போட்டால் மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால் சும்மா மாட்டித் தடவிப் பார்த்ததோடு சரி. மண்டபத்துக்கும் லேட்டாகப் போய்ச் சேர்ந்தோம். ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, எல்லாரும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மெதுவான பாட்டை எடுத்தாள். அவள் மூச்சு விடும் இடமெல்லாம் என் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல்.

அது பழைய உறுமல்தான். என் கிட்டாரின் ஒயரிங் அப்படி. வெறும் கம்பியில் விரல் பட்டால் அடங்கிவிடும், உடம்பு படாவிட்டால் கத்தும். இந்தப் பூச்சு என் வியர்வையோடு சேர்த்து என்னையும் கம்பியிடம் அண்டவிடவில்லை. கடைக்காரர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிக்ஸரில் என் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டு, லேப்டாப்பில் எதையோ தட்டினார். உடனே மண்டபம் முழுக்க பேஸ் கேட்டது. தடுமாற்றமே இல்லை. பல்லவி முடியும் இடத்தில் மோதிர விரலால் ஓர் இழுப்பு. அந்த இழுப்பை உலகத்தில் ஒருத்திதான் இழுப்பாள்.

என்னைத்தான் பதிவு செய்து வைத்திருக்கிறார், பாவி! எனக்குப் பதிலாக என்னையே உட்கார்த்திவிட்டார். கம்பி கெட்டாலும் கெடாவிட்டாலும் எனக்குச் சீட்டு எப்போதோ கிழிந்திருக்கிறது. கவனித்துக் கேட்டேன். கண்ணாடி மாதிரிச் சத்தம், அன்றைக்குப் புதுசாக மாட்டிய கம்பி. நடுவில் நான் ஒரே ஒரு கச்சேரியில் மட்டும் சேர்த்து வாசித்த சுரம் ஒன்று வந்தது. அது அக்கா ஜலதோஷத்தோடு பாடிய கச்சேரி. சரணத்தில் அடுத்த வரி மறந்து, பாடிய வரியையே மறுபடி பாடினாள். நானும் அவளோடு திரும்பி வாசித்தேன். நல்ல சத்தமென்று மனுஷன் அதையே எடுத்திருக்கிறார், முழுசாகக் கேட்காமல்.

வரட்டும் என்று நின்றேன்.

சரணம் வந்தது. அக்கா அடுத்த வரிக்குப் போனாள், லேப்டாப் பெட்டிக்குள் இருந்த நான் பழைய வரிக்குத் திரும்பினேன். இரண்டும் முட்டிக்கொண்டன. அக்காவுக்குச் சுருதி விலகியது. முன் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாகப் பெட்டியை அடக்கிவிட்டு என் சத்தத்தை ஏற்றி, "வாசி, வாசி" என்று வாயசைத்தார்.

நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். உறுமல் மண்டபத்தை நிறைத்தது. நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள், அவரை இல்லை. கம்பிகள் வந்து முடியும் இரும்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தினேன். அங்கே பூச்சு கிடையாது. உறுமல் செத்தது. கட்டை விரலால் தட்டித் தட்டி அவளைப் பிடித்து, பாட்டைக் கரையேற்றினேன்.

விழா முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது அத்தான் வெட்கமே இல்லாமல் சொன்னார்: "இந்த ஒரு பாட்டை மட்டும் வேற ரெக்கார்டிங்ல இருந்து எடுத்துக்கறேன். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

நான் சுருட்டிய ஒயரைக் கீழே போட்டேன். அக்காதான் பேசினாள்.

"என்னங்க, என் குரலும் அதுல இருக்கா?"

அவர் ஒயரையே சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். நான் பாடினதும் தனியா இருக்கா?"

"ஒரு அவசரத்துக்கு..."

அக்கா கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"பெட்டியத் திறங்க. ரெண்டு பேரையும் அழிங்க. என் கண்ணு முன்னாடி."

"வீட்டுக்குப் போயி..."

"இங்கயே."

அவர் லேப்டாப்பைத் திறந்தார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டோம்.