நான்கு நிமிடம் முந்திய கடிகாரம்

சாம்பிள் ரூம் சுவரில் மணி ஒன்பதே கால். பிரிசில்லாவின் மணிக்கட்டில் ஒன்பது பத்தொன்பது.

முதலில் அவள் சுவர்க் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்பது பதினைந்துதான். நேற்று சாயந்திரம் ஆறு மணிக்கு டிரையல் தாளில் அவளே எழுதியிருந்தாள்: மூன்று வினாடி கூடுதல். ஒரே ராத்திரியில் மூன்று வினாடி நான்கு நிமிடமாகியிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு ஜெனீவாக்காரர்கள் வருகிறார்கள்.

ஆம்பூருக்கு வெளியே ஹைவே ஓரம் இருக்கும் அந்தத் தொழிற்சாலை பதினேழு வருஷமாக ஜெனீவாவின் ஒரு கடிகாரக் கம்பெனிக்குக் கடிகாரப் பட்டை தைத்து அனுப்புகிறது. சாவி கொடுத்து ஓடுகிற, உள்ளே முழுக்கப் பல்சக்கரமும் வில்லுமாக இருக்கிற கடிகாரங்கள். பேட்டரி கிடையாது, திரை கிடையாது. வாங்குகிறவர்கள் மகனுக்கும் பேரனுக்கும் விட்டுப்போகிற சாமான். இப்போதுதான் முதல் தடவையாக ஜெனீவா கம்பெனி ஒரு விஷப்பரீட்சையில் இறங்கியிருந்தது. கடிகாரத்தைத் தொடாமல், அதன் தோல்பட்டையின் பக்கிளுக்குள் ஒரு சிப்பை வைப்பது. அது நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதயம் தாறுமாறாக அடித்தால் போனுக்குத் தகவல் சொல்லும்.

அந்தப் பட்டையை வடிவமைத்தவள் பிரிசில்லா. பத்து நாளாக அதைக் கையில் கட்டிப் பார்ப்பதும் அவளே. இன்று பத்தாவது நாள்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றாள் எதிர் மிஷினில் இருந்த மேகலா. அந்தப் பட்டையைத் தைத்தவள் அவள். அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், காண்டிராக்டில் இருந்தாள். ஆர்டர் கிடைத்தால் அறுபது பேரை நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அறுபதில் அவளும் ஒருத்தி.

"ஓட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சு மேகலா. நாலு நிமிஷம்."

மேகலா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அவள் விரலிடுக்கில் இருந்த ஊசி கடிகாரத்தின் பக்கம் போனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

பஜாரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் தபரேஸ் பாய் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். போன் செய்ததும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக் காத்திருந்தார். கம்பெனி காரில் போய் இறங்கிய பிரிசில்லாவிடம் கடிகாரத்தை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டி ஒரு நிமிஷம்தான் பார்த்தார்.

"காந்தம் புடிச்சிருக்குதும்மா. உள்ள தலைமுடி மாதிரி ஒரு சுருள் வில் இருக்குது பாரு, அதோட சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினா ஓட்டம் எகிறிடும். ராத்திரி எங்க வச்ச?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டையின் பக்கிளுக்குள் இருக்கும் சிப்புக்கு சார்ஜ் ஏற்ற உள்ளங்கை அளவில் ஒரு வட்டு கொடுத்திருந்தார்கள். பக்கிள் நழுவாமல் இருக்க அதில் பலமான காந்தம். முதல் எட்டு நாளும் ஆபீசில், விளக்கத் தாளில் போட்டிருந்தபடி பட்டையை நீளமாக விரித்து வைத்தே சார்ஜ் போட்டாள். நேற்று வீட்டுக்கு எடுத்துப்போனாள். அலுப்பில், வளையலைக் கழற்றி வைப்பதுபோல் பக்கிளை மூடியபடியே வட்டின் மேல் வைத்துவிட்டுப் படுத்தாள். கடிகாரம் சாய்ந்து, தலை வட்டின் மேலேயே கிடந்திருக்கிறது.

"சரி பண்ணிட முடியுமா பாய்?"

"ரெண்டு நிமிஷ வேலை."

காந்தத்தை எடுக்கும் ஒரு சின்ன நீலப் பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தி மெல்லத் தூக்கினார். நேரத்தைத் திருத்திக் கொடுத்தார். "இதுக்கு வந்த பேஜார் போச்சு. ஆனா மறுபடி அங்க வச்சா மறுபடி புடிக்கும்."

*

"தப்பா வச்சது நீங்க," என்றார் ஜெனரல் மேனேஜர் பரணிதரன்.

கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார். கத்துகிற மனிதர் இல்லை. குரல் தணிந்தால்தான் பயப்பட வேண்டும்.

"இன்ஸ்ட்ரக்‌ஷன்ல இன்னா போட்டிருக்குது? விரிச்சு வைக்கணும்னு. நீங்க மூடி வச்சீங்க. இது பட்டையோட குத்தமா?"

"வாங்கறவங்களும் என்னை மாதிரிதானே சார் வைப்பாங்க? அசதியில யாரு விரிச்சு வைக்கப்போறாங்க?"

"அது சார்ஜர் பண்ணவன் பாத்துக்க வேண்டிய விஷயம். நம்ம வேலை தோலு." அவர் டிரையல் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. "வண்டி சத்துவாச்சாரி தாண்டிடுச்சாம். அவங்கள்லயே பாதிப் பேர் இந்த சிப்பே வேணாம்னு நிக்கறாங்க. நாலு நிமிஷம்னு ஒரு வார்த்தை விழுந்தா அத்தோட முடிஞ்சது. அந்த அறுபது பேருகிட்ட நீங்க போய்ச் சொல்வீங்களா?"

கண்ணாடிக்கு அப்பால் மேகலா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. மிஷினில் கையை வைத்தபடி இங்கேயே பார்த்திருந்தாள். காரிலிருந்து இறங்கியதும் வாசலிலேயே மறித்து அவள் சொன்னது பிரிசில்லாவின் காதில் இருந்தது: "சரியாப் போச்சில்ல? அப்ப சொல்லாதீங்கக்கா. ப்ளீஸ்க்கா."

பிரிசில்லாவுக்கும் இந்த சிப் ஜெயிக்க வேண்டும். வேலைக்காக மட்டும் இல்லை. அவள் கணவன் இன்பராஜ் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தங்கை மகன் வாங்கிக் கொடுத்த, நாடி பார்க்கும் மலிவான டிஜிட்டல் வாட்ச் ஒன்று அவன் கையில் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. வாட்ச்தான் கெட்டுவிட்டது என்று அவன் கழற்றி வைக்கப் போனான். அவள் விடவில்லை, வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

அவள் பேனாவை எடுத்தாள். நான்கு வினாடி கூடுதல் என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து லேசாக இழுபட்டது.

*

வந்தவர்கள் இரண்டு பேர். வெரேனா, அறுபதை ஒட்டிய கடிகார நிபுணர், முப்பத்திரண்டு வருஷமாகப் பல்சக்கரங்களோடு வாழ்கிறவர். ஆந்த்ரே, விற்பனையைப் பார்க்கும் முப்பது வயதுக்காரன். பழசைக் காப்பாற்ற நிற்பவர் அந்தம்மாவாக இருக்கும் என்று பிரிசில்லா நினைத்திருந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே அது தலைகீழானது.

"எங்கள் கடிகாரத்தை ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள்?" என்று ஆந்த்ரே ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "அது எதையும் கேட்பதில்லை. சார்ஜ் கேட்காது, பாஸ்வேர்ட் கேட்காது. சிப் நான்கு வருஷத்தில் செத்துப்போகும். கடிகாரம் எண்பது வருஷம் ஓடும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்றால், நான்கு வருஷம் கழித்து நம் பெயர்தான் குப்பைக்குப் போகும்."

வெரேனா அவனைப் பார்க்கவில்லை. பட்டையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி குளியலறையில் விழுந்து இறந்தான்," என்றார். "நான் என் கையால் செய்த கடிகாரம் அவன் கையில் இருந்தது. மறுநாள் மத்தியானம் கதவை உடைத்தோம். அது ஒரு வினாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது." பட்டையை மேஜையில் வைத்தார். "அந்த ஒரு வினாடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

வெரேனா டிரையல் தாளை எடுத்தார். வரிவரியாக விரல் இறங்கி, கடைசிக் கையெழுத்தில் நின்றது. "இதைக் கட்டியிருந்தது நீங்கள்தானே? இந்தக் காகிதத்தை வைத்துத்தான் அடுத்த வாரம் ஜெனீவாவில் பேசப் போகிறேன். பத்து நாளும் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தானே?"

பரணிதரன் பிரிசில்லாவைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த நேரத்தில் அவளுக்கு இன்பராஜ் வாட்சைக் கழற்றப் போன கைதான் ஞாபகம் வந்தது. கெட்டுப்போச்சு என்று தோன்றினால் யாரும் அதைத்தான் செய்வார்கள். யாரோ ஒருத்தருடைய கடிகாரம் நான்கு நிமிஷம் முந்தும். அவர் சிப்பைத் திட்டிக்கொண்டே பட்டையைக் கழற்றி மேஜைக்குள் போடுவார். அதற்கு மறுநாள் அவருடைய இதயம் தடுமாறும்.

"இல்ல மேடம்," என்றாள். "கடைசி வரி பொய். நேத்து ராத்திரி நாலு நிமிஷம் முந்திடுச்சு."

அவளுடைய ஆங்கிலம் ஃபேக்டரி ஆங்கிலம். அதிலேயே வட்டையும், காந்தத்தையும், தபரேஸ் பாயின் நீலப் பெட்டியையும் சொல்லி முடித்தாள்.

ஆந்த்ரே நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். "இதைத்தான் நான் ஒரு வருஷமாகச் சொல்கிறேன்."

அவன் சிரித்தது அவளுக்குச் சுரீரென்றது. அவள் சொன்ன உண்மையை எடுத்து, அவளுக்கு வேண்டிய அந்த சிப்பையே அவன் வெட்டப்போகிறான்.

"சிப் ஒண்ணும் பண்ணல சார்," என்றாள் வேகமாக. "சார்ஜர் பக்கத்துல கடிகாரம் போகக்கூடாது, அவ்வளவுதான். பட்டை மட்டும் தனியா கழண்டு வந்தா? பட்டையை சார்ஜ்ல போடலாம், கடிகாரம் மேஜையில இருக்கும்."

"செய்து காட்டுங்கள்," என்றார் வெரேனா. "நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும்."

*

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பட்டை. கடிகாரத்தோடு சேரும் முனையை வெட்டி, விரலால் தள்ளினால் கழலும் சின்னக் கம்பியை உள்ளே புதைத்துத் திரும்பத் தைக்க வேண்டும். தோல் அந்த இடத்தில் அரிசி கனம்கூட இருக்காது. மேகலா மிஷினில் உட்கார்ந்தாள். பிரிசில்லா தோலை மெல்லிசாகச் சீவிக் கொடுத்தாள். முதல் துண்டு கம்பி ஓரத்தில் கிழிந்தது. இரண்டாவதை வாங்கும்போது மேகலாவின் கண் சிவந்திருந்தது.

"சொல்லிட்டீங்களாமே," என்றாள் ஊசியைப் பார்த்தபடி.

"சொல்லிட்டேன்."

"அப்ப இத இன்னாத்துக்குத் தைக்கறோம்?"

பிரிசில்லா கம்பியை எடுத்து நீட்டினாள். மேகலா தைத்தாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

மூன்றரைக்குப் பட்டையைக் கடிகாரத்தில் மாட்டினார்கள். பிரிசில்லா விரலால் தள்ளியதும் அது சத்தமில்லாமல் கழன்று வந்தது. பட்டை மட்டும் வட்டில் ஏறியது. வெரேனா கடிகாரத்தைத் தான் கொண்டுவந்த சின்னக் கருவியில் வைத்து அதன் துடிப்பைக் கேட்டார். திரையில் ஒரே நேர்க்கோடு, ஓட்டத்தில் பிசகு இல்லை. பரணிதரன் முதல் தடவையாக மூச்சு விட்டார்.

"தினமும் இதைக் கழற்றி மாட்ட எவன் மெனக்கெடுவான்?" என்றான் ஆந்த்ரே. அவன் கேட்டது நியாயம்தான் என்று பிரிசில்லாவுக்கே பட்டது.

"பயம் இருக்கிறவன் கழற்றுவான்," என்றார் வெரேனா.

இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டே காரில் ஏறினார்கள்.

*

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. கம்பெனி தன் கடிகாரங்களில் சிப் எதையும் சேர்க்காது, விளம்பரத்திலும் அதைப் பற்றிப் பேசாது. விருப்பப்பட்டுக் கேட்கிறவர்களுக்கு மட்டும் கழற்றி மாட்டும் பட்டை தனியாக விற்கப்படும். ஆம்பூரிலேயே தைக்கலாம். ஆர்டர் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

பரணிதரன் மெயிலை அவளிடம் காட்டினார். "முழுசா போகாம இதாவது நின்னுச்சு," என்றார். "ஆனா பிரிசில்லா, என் முன்னால கையெழுத்துப் போட்டுட்டு அங்க வேற மாதிரி பேசினீங்க. அது எனக்கு மறக்காது." அன்றிலிருந்து டிரையல் தாள்களை அவரே தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

அறுபதுக்குப் பதில் இருபது பேரை எடுத்தார்கள், சேர்ந்த தேதியைப் பார்த்து. மேகலாவின் பெயர் இருபத்தாறாவதாக இருந்தது. பிரிசில்லா இரண்டு தடவை பரணிதரனிடம் போய்க் கேட்டாள். இரண்டு தடவையும் அவர் தலையைத் தூக்கவில்லை.

மாதக் கடைசியில் காண்டிராக்ட் முடிந்து, மேகலா ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாணியம்பாடி பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறாளாம். இன்னும் ஒரு பஸ் கூடுதலாக மாற வேண்டும்.

"என் மேல கோவமா?" என்றாள் பிரிசில்லா.

"இருக்குதுக்கா," என்றாள் மேகலா. "நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அவள் போனதும் பிரிசில்லா போனை எடுத்து, சித்தூர் ரோட்டில் பட்டை தைக்கிற இன்னொரு கம்பெனியில் வேலை செய்யும் பழைய தோழியைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஆள் இருக்குது," என்றாள். "கை சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"