ஸ்கூட்டர் நிறுத்தப் போன மகன்

"மகன் ஸ்கூட்டரை நிறுத்திட்டு வரான் சிஸ்டர்" என்று பிரகாசம் சொன்னபோது அவருடைய மகன் நீல் மஸ்கட்டில் இருந்தான். அங்கிருந்து மைசூர் சரஸ்வதிபுரத்து ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் வர எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டபடியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மூன்று மாதமாக நெஞ்சுக்குழியில் எரிச்சல். பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டாகிவிட்டது. வெறும் புண்ணா, இல்லை, மனைவி டோரதியைக் கொண்டுபோன அதே வியாதியா என்பது வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். நல்ல ஸ்பெஷலிஸ்டாகப் பாருங்கள் என்றார் வழக்கமான டாக்டர். அவர் குடியிருக்கும் மண்டி மொஹல்லாவில் யோசனைக்கா பஞ்சம்? மாடிக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் மல்லப்பன் கைராசியைப் பார்க்கச் சொன்னார். சர்ச்சில் பக்கத்து வரிசைக்காரர் வெளிநாட்டுப் பட்டத்தைப் பார்க்கச் சொன்னார். மில் ஸ்டோரில் முப்பது வருடம் நட்டு போல்ட்டைத் தரம் பார்த்து வாங்கிய பிரகாசம், தன் வயிற்றுக்கென்று பார்த்த தரம் ஒன்றே ஒன்றுதான். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காத டாக்டராக இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் மைசூரில் இல்லை. மயக்க ஊசி போடுவதால் துணை ஆள் கட்டாயம் என்றார் முதல் டாக்டர். இரண்டாமவரும் அதையேதான் சொன்னார். இரண்டு இடத்திலும் மகன் ஸ்கூட்டர் நிறுத்தப் போனான். இரண்டு இடத்திலும் அப்பா பின்பக்கமாக நழுவினார். இது மூன்றாவது இடம். மல்லப்பனைக் கூப்பிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வருவார்தான். ஆனால் நீல் மாதம் ஒருமுறை பேசுவது அவர் கடை போனில். போன தடவை அவன் "உடம்பு எப்டிப்பா?" என்றதற்கு, "கல்லு மாதிரி இருக்கேன்டா" என்று மல்லப்பன் காதுபடச் சொல்லி வைத்திருந்தார். கல்லுக்கு எதற்குத் துணை?

"இன்னுமா சார் அந்த ஸ்கூட்டரை நிறுத்துறாரு உங்க மகன்?"

பக்கத்தில், மடியில் எக்ஸ்ரே உறையோடு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி.

"போன வாரம் அந்த டாக்டர்கிட்டயும் இதான சொன்னீங்க? நானும் அங்க சும்மா உக்காந்திருந்தேன்."

பிரகாசம் விட்டத்தைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அஞ்சலை. காலேஜ் ஹாஸ்டல்ல சமையல். எங்கண்ணன் பஸ்ல வந்துட்டிருக்கார்னு சொல்லியிருந்தேன்."

"வந்தாரா?"

"அண்ணன்னு ஒருத்தர் இருந்தாத்தான சார் வர்றதுக்கு."

பிரகாசத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு எரிந்தது. எரிந்தாலும் பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

"எனக்கு வெள்ளிக்கிழமெ டெஸ்டு" என்றாள் அஞ்சலை. "இன்னிக்கு உங்களுக்கு நான். அன்னிக்கு எனக்கு நீங்க. சரியா?"

"ஃபார்ம்ல உறவுன்னு ஒரு இடம் இருக்கே?"

"தெரிஞ்சவங்கன்னு எழுதுங்க. பொய்யில்லயே, இப்பத்தான தெரிஞ்சுது."

நர்ஸ் வந்து கண்ணாடி, வாட்ச், பல்செட் எல்லாவற்றையும் கழற்றித் துணைக்கு வந்தவரிடம் கொடுக்கச் சொன்னாள். பல்லில் வந்து கை நின்றது. பல்லில்லாத பிரகாசத்தை டோரதி தவிர யாரும் பார்த்ததில்லை. அவளும் சிரித்துவிட்டுத்தான் பார்ப்பாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றி, கர்ச்சீப்பில் முடிந்து நீட்டினார்.

அஞ்சலை சிரிக்கவில்லை. முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"வெள்ளிக்கிழமெ வர்றேன்னு சொல்லுங்க. இல்லேன்னா பல்லு எங்கிட்டயேதான்."

வருவேன் என்றுதான் சொன்னார். பாதி காற்றாகப் போனது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் ரிசல்ட் என்று ஒன்று இருந்தது.

உள்ளே கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். கதவு முழுக்கச் சாத்துவதற்குள் கூட வந்தவர் யாரென்று வெளியே நர்ஸ் கன்னடத்தில் உரக்கக் கேட்பது காதில் விழுந்தது: "பிரகாசம் கடேயவரு யாரு?"

கண்ணாடி இல்லாத கண்ணுக்கு பெஞ்சில் எல்லாமே மங்கல்தான். அதிலிருந்து ஒரு கை மட்டும், வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல, கர்ச்சீப் முடிச்சோடு மேலே உயர்ந்தது.