இல்லாத பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு, பக்கத்து சீட்டில் இருப்பவர் மனசில் ஓடுவதெல்லாம் அத்துப்படி. தோள் ஏறினால் பயம். ஹாரனைப் போட்டு அமுக்கினால் வீட்டில் சண்டை. யார் எங்கே சொதப்பினாலும் அவர் காலடியில் தனி பிரேக் இருக்கிறது, ஒரு மிதி மிதித்தால் போதும். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் வீட்டு வாசலோடு சரி.

கொஞ்ச நாளாக அவர் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, தன் காரைக் கீழே நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் மாடி பால்கனியில் நின்று பார்ப்பார். போன் பேசமாட்டாள், பாட்டுக் கேட்கமாட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சும்மா இருப்பாள். இவர் சலித்துப்போய் உள்ளே உட்கார்ந்த பிறகு காலிங்பெல் அடிக்கும்.

‘என்னைப் பிடிக்கவில்லை, போய்விட யோசிக்கிறாள்’ என்று மாஸ்டர் தீர்ப்பே எழுதிவிட்டார். சின்ன வயதில் அவர் அம்மா “இதோ வந்துடறேன்” என்று பஸ் ஏறிப் போனவள்தான். திரும்பி வரவேயில்லை. ஆனாலும் உள்ளே ஒரு குறுகுறுப்பு. அப்படி என்னதான் யோசிக்கிறாள்? ஊரார் பிள்ளைகளிடம் “என்ன ஆச்சு?” என்று கேட்கிற வாய், இவளிடம் ஒருநாளும் கேட்டதில்லையே!

அன்றைக்குச் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய், அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“இங்க உக்காந்து என்ன யோசிக்கிற? எனக்கு நெஜமாவே தெரியல, அதான் கேக்கறேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க எப்ப உள்ள போவீங்கன்னு.”

“நானா?”

“தெனமும் மேல நின்னு மொறைக்கிறீங்களே. லேட்டா வர்றேன்னு கோவம்னு நெனச்சேன். அது தணியட்டும்னு காத்திருந்தேன்.”

“மொறைக்கிறேனா? அட, பயந்தா என் மூஞ்சி அப்படித்தாம்மா ஆகும்!”

“பயமா? எதுக்கு?”

அவள் கீழே பார்த்தாள். அவருடைய வலது கால் தரையைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது.

“இந்தக் கார்ல அங்க பிரேக் கெடையாதுங்க. வண்டியும் நின்னுட்டுத்தான் இருக்கு. எதுக்கு இந்த மிதி மிதிக்கிறீங்க?”

“நீ போயிடுவியோன்னு.”

அவள் சிரிக்கவில்லை. சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். கால் தளர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.